ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஹாக்கி பார்க்க ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்கு நான் ஒலிம்பிக்கைக் கைகாட்ட மாட்டேன். ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பையைத்தான் சொல்வேன். சீனியர் அணிகள் மோதும்போது இடைவெளிகள் எல்லாம் அடைபட்டிருக்கும். கோல் எப்படி விழுந்தது என்று நமக்குப் புரிவதற்குள் ஆட்டம் வேறெங்கோ போய்விடும். இளையோர் ஆட்டம் அப்படி இல்லை. ஒரு தடுப்பாட்டக்காரர் ஆர்வக் கோளாறில் முன்னேறிவிட்டால் அவர் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும், எதிரணி அந்த வழியாகவே உள்ளே வரும். தவறும் அதன் விளைவும் சில நொடிக்குள் கண்முன்னே நடந்து முடியும். ஆட்டத்தைப் படிக்கப் பழகுவதற்கு இது ரொம்பத் தோதான இடம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2016-ல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கிய இந்திய ஜூனியர் அணியில் ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார், சிம்ரன்ஜீத் சிங், குர்ஜந்த் சிங், சுமித், நீலகண்ட சர்மா ஆகியோர் இருந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டுக்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் வாங்கித் தந்த அணியிலும் இதே ஏழு பேர் இருந்தார்கள். லக்னோவில் அவர்களைப் பார்த்துவிட்டவர்களுக்கு டோக்கியோ ஆட்டம் வேறு மாதிரி இனித்திருக்கும்.

சரி, படிப்படியாகப் போவோம்.

படி 1: இது என்ன போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வதேச ஹாக்கி சம்மேளனம் நடத்தும் 21 வயதுக்கு உட்பட்டோர் போட்டி இது. வயதுக் கணக்கில் பலரும் குழம்புவார்கள். 21 வயது முடிந்த ஒருவர் ஆடுகிறாரே என்று சந்தேகம் வரும். போட்டி நடக்கும் ஆண்டில் 21 வயதை எட்டுபவரும் ஆடலாம் என்பதுதான் கணக்கு. 2021 போட்டியில் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்த விவேக் சாகர் பிரசாத் அப்போது 21 வயதுக்காரர். அதுமட்டுமல்ல, சில மாதங்களுக்கு முன்புதான் டோக்கியோவில் வெண்கலம் வென்றிருந்தார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் ஜூனியர் அணியில் ஆடுவது இந்தப் போட்டியில் நடக்கக்கூடியதுதான்.

முதல் போட்டி 1979-ல் பிரான்சின் வெர்சாய் நகரில் நடந்தது. பாகிஸ்தான் வென்றது. அதற்குப் பிறகு ஜெர்மனியின் ராஜ்ஜியம்தான். மேற்கு ஜெர்மனியாக இருந்த காலத்தையும் சேர்த்தால் 1982, 1985, 1989, 1993, 2009, 2013, 2023, 2025 என்று எட்டு கோப்பைகள். இந்தியா 2001-ல் ஹோபார்ட்டில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கி ஒருமுறையும், 2016-ல் லக்னோவில் ஒருமுறையும் வென்றிருக்கிறது. அர்ஜென்டினாவுக்கும் இரண்டு. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று. சீனியர் ஹாக்கியில் அசைக்க முடியாத நெதர்லாந்து இந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 1985, 2009 என இரண்டு முறை இறுதிப் போட்டி வரை வந்து தோற்றது. ஆக, சீனியர் தரவரிசையை வைத்து ஜூனியர் போட்டிக்கு ஆருடம் சொல்லாதீர்கள்.

முன்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது, இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ரசிகர்களுக்கு இது நல்லது, ஒரு தலைமுறை வீரர்களை அடிக்கடி பார்க்கக் கிடைக்கிறது.

படி 2: போட்டி அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள்

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த போட்டியில் முதல்முறையாக 24 அணிகள் ஆடின. நான்கு நான்கு அணிகளாக ஆறு பிரிவு. ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றில் மூன்று ஆட்டம். பிரிவில் முதலிடம் பிடித்த ஆறு அணிகளும், இரண்டாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த இரண்டு அணிகளும் கால் இறுதிக்குப் போயின. அதற்கு முன் 16 அணிகள்தான். நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம். கணக்கு எளிது.

ஆறு பிரிவு வந்ததும் கணக்கு மாறிவிட்டது, புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளி சமமானால் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்று பார்ப்பார்கள், அதுவும் சமமானால் கோல் வித்தியாசம், அப்புறம் அடித்த கோல்களின் எண்ணிக்கை. இரண்டாம் இடத்து அணிகள் வேறு வேறு பிரிவில் இருப்பதால் அவை நேருக்கு நேர் மோதியிருக்காது. கோல் வித்தியாசம்தான் பெரும்பாலும் தலைவிதியைத் தீர்மானிக்கும். அதனால்தான் 10-0 என்று முன்னிலையில் இருக்கும் அணியும் பதினோராவது கோலுக்கு ஓடுகிறது. 2025-ல் இந்தியா ஓமனை 17-0 என்று வென்றபோது, இவ்வளவு அடிக்க வேண்டுமா என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். இந்த அமைப்பில் அடிக்கத்தான் வேண்டும். எதிராளிக்கு இரக்கம் காட்டி வேகத்தைக் குறைத்த அணி கால் இறுதியைக் கோட்டைவிட நேரலாம்.

கால் இறுதிக்குப் போகாத அணிகளின் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடாது. 9-ஆம் இடம், 17-ஆம் இடம் என்று தரவரிசை ஆட்டங்கள் கடைசி வரை நடக்கும். மைதானம் காலியாக இருக்கும், வெற்றிக்கான ஆசை மட்டும் கொஞ்சமும் குறைந்திருக்காது. ஹாக்கியில் பெரிய பெயர் இல்லாத ஒரு நாட்டின் இளைஞர்கள் 19-ஆம் இடத்துக்கு உயிரைக் கொடுத்து ஆடுவதை ஒருமுறையாவது பாருங்கள்.

படி 3: மைதானத்தில் மூன்று கோடுகள் போதும்

மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். செயற்கைத் தரை, பெரும்பாலும் நீல நிறம். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள். பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக ஓட இந்த ஈரம் வேண்டும். தரை காய்ந்தால் பந்து துள்ளும், கையாள்வது கடினம்.

கோடுகளில் முதலில் கோலுக்கு முன்னே இருக்கும் வளைகோடு. நம் பத்திரிகைகள் டி வட்டம் என்று எழுதுகின்றன. கோல் கம்பங்களிலிருந்து 14.63 மீட்டர் தூரம். கோல் விழ வேண்டுமானால் தாக்கும் அணி வீரரின் மட்டை இந்த வட்டத்துக்குள் பந்தைத் தொட்டிருக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியிலிருந்து எவ்வளவு அழகாக அடித்து வலைக்குள் போனாலும் கோல் கிடையாது. கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் இடிக்கும்.

அடுத்தது, 23 மீட்டர் கோடு. இதைத் தாண்டி எதிரணி உள்ளே வந்துவிட்டால் தடுப்பவர்கள் தலைகீழாக நின்றாவது வட்டத்துக்குள் விடாமல் பார்க்க வேண்டும். இந்தப் பகுதிக்குள் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை (எதிரணி தப்பு செய்ததற்காகக் கிடைக்கும் தடையில்லாத அடி) நேராக வட்டத்துக்குள் அடிக்க முடியாது, பந்து குறைந்தது 5 மீட்டர் உருண்ட பிறகுதான் உள்ளே போகலாம். இங்கே தடுப்பாட்டக்காரர் வேண்டுமென்றே தப்பு செய்தால் வட்டத்துக்கு வெளியே நடந்திருந்தாலும் பெனால்டி கார்னர்தான். தாக்கும் அணிக்குக் கோலடிக்கக் கிடைக்கும் சிறப்பு வாய்ப்பு அது, படி 5-ல் விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது நடுக்கோடு. பெனால்டி கார்னர் நேரத்தில் இதன் முக்கியத்துவம் புரியும்.

இன்னொன்று, ஹாக்கியில் ஆஃப்சைடு விதி கிடையாது. 1990-களிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு முன்கள வீரர் எதிரணி கோல்கீப்பர் அருகிலேயே காத்துக்கொண்டு நின்றாலும் தப்பில்லை.

படி 4: விசில் ஏன் ஊதப்பட்டது?

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் எரிச்சல் இதுதான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் திடீரென்று நிற்கும், ஏனென்று தெரியாது. பெரும்பாலும் காரணம் நான்கில் ஒன்று. பந்து காலில் பட்டிருக்கும். மட்டையின் பின்பக்க வளைவில் பட்டிருக்கும், ஏனென்றால் தட்டையான பக்கத்தில்தான் ஆட வேண்டும். எதிராளியின் மட்டையைத் தட்டியிருப்பார். இல்லையென்றால் பந்தை ஆபத்தாகத் தூக்கி அடித்திருப்பார்.

நடுவர்களின் கையைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு காலை லேசாகத் தூக்கிக் கணுக்கால் பக்கம் தொட்டால் பந்து காலில் பட்டது என்று பொருள். இரண்டு கைகளையும் கோலை நோக்கி நேராக நீட்டினால் பெனால்டி கார்னர். ஒரு கை பெனால்டி புள்ளியைக் காட்ட, மறு கை வானத்தைக் காட்டினால் பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது அந்தப் புள்ளியிலிருந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு கோலுக்கு அடிப்பது. இரண்டு கைகளும் மைதானத்தின் நடுவை நோக்கி நீண்டால் கோல். ஒரு கையை உயர்த்தி முன்னோக்கிக் காட்டிவிட்டு விசில் ஊதாமல் ஓடினால், தப்பு நடந்தது, ஆனால் பாதிக்கப்பட்ட அணிக்கு வாய்ப்பு தொடர்வதால் ஆட்டத்தை நிறுத்தவில்லை என்று சொல்கிறார்.

வீடியோ நடுவர் வசதி உள்ள ஆட்டங்களில் அணிக்கு ஒரு முறையீடு உண்டு. சரியாக இருந்தால் அது கையிலேயே இருக்கும், தவறினால் போய்விடும். பதற்றமான ஜூனியர் கேப்டன்கள் இதை முதல் பத்து நிமிடத்திலேயே செலவழித்துவிட்டு, கடைசியில் உண்மையாகவே தேவைப்படும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுண்டு. யாரிடம் முறையீடு மிச்சம் இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பெனால்டி கார்னரைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஹாக்கியின் இதயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

விசில் ஊதியதும் கடிகாரத்தை 40 நொடி நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் தடுக்கும் அணியில் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். முகக் கவசம், முழங்கால் உறை எல்லாம் மாட்டிக்கொள்வார்கள். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். தாக்கும் அணியில் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிக் கோட்டின் மேல் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் வட்டத்துக்கு வெளியே காத்திருப்பார்கள்.

பந்தைத் தள்ளிவிடுபவர் வட்டத்தின் விளிம்புக்கு அனுப்புவார். அங்கே குனிந்து நிற்பவர் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்துவார். பந்து ஒருமுறை வட்டத்துக்கு வெளியே போய் வந்தால்தான் கோலுக்கு அடிக்கலாம். நிறுத்திய பந்தை டிராக் ஃபிளிக் நிபுணர் மட்டையில் அள்ளி இழுத்துச் சுழற்றி எறிவார். தொடக்கம் முதல் முடிவு வரை சில நொடிகள்தான்.

ஏன் பலமாக ஓங்கி அடிக்காமல் இழுத்து எறிகிறார்கள்? விதியில்தான் பதில் இருக்கிறது. கார்னரில் முதல் அடி ஓங்கி அடிப்பதாக இருந்தால் பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது வலைக்குள் தெரியும் அந்தப் பலகையின் உயரம்தான். இழுத்து எறிவதற்கு இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. கோலின் மேல் மூலைக்கே அனுப்பலாம். இதனால்தான் டிராக் ஃபிளிக் தெரிந்த ஒரு இளைஞருக்கு எந்த அணியிலும் இடம் கிடைக்கிறது. 2021-ல் புவனேஸ்வரில் நடந்த இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா ஜெர்மனியை 4-2 என்று வென்றது. அதில் லவுதாரோ டோமெனே என்ற ஒருவர் மட்டும் மூன்று கோல் அடித்தார், மூன்றும் பெனால்டி கார்னரில்.

இதை எப்படிப் பார்ப்பது? முதல் சில கார்னர்களில் ஃபிளிக் அடிப்பவரைப் பார்க்காதீர்கள். கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடிவரும் தடுப்பாட்டக்காரரைப் பாருங்கள். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில்கூட வரக்கூடிய பந்தை நோக்கி நேராக ஓடுகிறார். எந்தக் கோணத்தில் ஓடுகிறார் என்பது அவரும் கோல்கீப்பரும் முன்பே பேசிவைத்த விஷயம். அவர் ஒரு பக்கத்தை மறைப்பார், கோல்கீப்பர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். கோல் விழுந்தால் அந்த மறைக்க வேண்டிய பக்கத்தில் விழுந்ததா, கோல்கீப்பர் பக்கத்தில் விழுந்ததா என்று பாருங்கள். யார் வேலை தவறியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னொருவர் கம்பத்தோடு ஒட்டி நிற்பார், கடைசிக் காவல் அவர்தான்.

ஓடிவருபவர் சீக்கிரமே கோட்டைத் தாண்டிவிட்டால் நடுவர் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார், அவர் இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. அடுத்த முயற்சியை நான்கு பேருக்குப் பதில் மூன்று பேரோடு தடுக்க வேண்டும். ஜூனியர் ஆட்டங்களில் படபடப்பில் இது நிறையவே நடக்கும்.

இந்த வயதில் நடக்கும் இன்னொன்று, பந்தைத் தள்ளிவிடுவதிலும் நிறுத்துவதிலும் வரும் கோளாறு. ஃபிளிக் அடிப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பந்து ஒரு சாண் துள்ளி நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பத்திரிகையில் அடுத்த நாள் ‘கிடைத்த எட்டு கார்னரையும் வீணடித்தது’ என்று வரும். பாதிக்கு மேல் பந்தை நிறுத்தியவரோடே முடிந்துபோன கதைகளாக இருக்கும். ஒரு அணியின் கார்னர் ஏன் பலிக்கவில்லை என்று பார்க்கும்போது முதலில் இந்த இரண்டு பேரையும் பாருங்கள்.

அப்புறம், ஏமாற்று வேலைகள். ஃபிளிக் அடிப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பந்தைப் பக்கத்தில் தள்ளுவார்கள். பந்தைத் தள்ளிவிட்டவரே கோல் கம்பம் அருகே ஓடிவந்து மட்டையை நீட்டித் திருப்பிவிடுவார். முதல் இரண்டு கார்னரில் ஓடிவரும் தடுப்பாட்டக்காரர் பந்தைத் தடுத்துவிட்டார் என்றால் மூன்றாவதில் இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கலாம்.

கால் பகுதி முடியும் ஒலி கேட்டாலும், அதற்கு முன் கொடுக்கப்பட்ட கார்னர் ஆடி முடிக்கப்படும். எனவே கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியதும் எழுந்துவிடாதீர்கள்.

படி 6: அட்டைகள்

பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம், தப்பின் கடுமையைப் பொறுத்துக் கூடும். சிவப்பு என்றால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. அவர் வெளியே இருக்கும் நேரம் அணி ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். எந்த அணி அந்த நேரத்தைப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கடத்துகிறது, எது பதறுகிறது என்று பார்த்தாலே பயிற்சியாளரின் தரம் தெரிந்துவிடும்.

படி 7: நான்கு கால் பகுதியையும் நான்கு விதமாகப் பாருங்கள்

ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி. முதல், மூன்றாம் பகுதிகளுக்குப் பிறகு 2 நிமிட இடைவேளை, நடுவில் அதைவிட நீண்டது. களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். மாற்று வீரர்கள் எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம். ஆட்டம் இதற்காக நிற்காது, பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட நேரம் மட்டும் விலக்கு.

முதல் பகுதியில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களிடம் பந்து இருக்கும்போது முன்கள வீரர்கள் எங்கே நிற்கிறார்கள்? எதிரணியின் 23 மீட்டர் கோடு வரை ஏறிப்போய் நெருக்குகிறார்களா, நடுக்கோடு வரை பின்வாங்கிக் காத்திருக்கிறார்களா? ஜெர்மனி ஜூனியர்கள் இந்த வரிசையைக் கலைக்காமல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் கவனித்தால், எட்டு கோப்பை எப்படி வந்தது என்று ஓரளவு புரியும்.

இரண்டாம் பகுதியில் மாற்று வீரர்கள் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். முன்கள வீரர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சிரைக்க வெளியே ஓடிவருவார்கள். எந்த மூவர் ஒன்றாக உள்ளே போனால் ஆட்டம் சூடாகிறது என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி.

மூன்றாம் பகுதியில் உங்களுக்குப் பிடித்த ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவரிடமே இருக்கட்டும். தொலைக்காட்சியில் இது முடியாது, மைதானத்தில்தான் முடியும். ஒரு நல்ல நடுகள வீரர் பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், வியப்பாக இருக்கும்.

நான்காம் பகுதிக்கு ஆலோசனை எதுவும் வேண்டாம், ஜூனியர் ஹாக்கியில் அது தானாகவே உங்களை இழுத்துக்கொள்ளும். 2025 சென்னையில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் இந்தியா அர்ஜென்டினாவிடம் மூன்றாம் பகுதி முடியும்போது 0-2 என்று பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்றது. அதற்கு முந்தைய ஆட்டமான அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றிருந்த பையன்கள் அவர்கள். அந்த அணியின் பயிற்சியாளர், பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்ற கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். இந்த வயதில் ஒரு அணி சட்டென்று உடையும், அதே வேகத்தில் எழுந்தும் நிற்கும். இரண்டு கோல் முன்னிலை என்பது இங்கே ஒரு பாதுகாப்பே இல்லை.

கடைசி சில நிமிடங்களில் பின்தங்கியிருக்கும் அணியின் கோல்கீப்பர் திடீரென்று வெளியே ஓடினால் பயப்பட வேண்டாம். அவருக்குப் பதிலாக ஒரு கள வீரரை இறக்கி 11 பேரையும் தாக்குதலுக்கு அனுப்பும் உத்தி அது. கோல் திறந்து கிடக்கும். சூதாட்டம்தான், தோற்கப்போகும் அணிக்கு வேறு வழி இல்லை.

படி 8: ஷூட் அவுட்

நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் இல்லை, நேராக ஷூட் அவுட். கால்பந்து மாதிரி நின்ற இடத்திலிருந்து அடிப்பதில்லை. 23 மீட்டர் கோட்டிலிருந்து வீரர் பந்தோடு ஓடிவருவார், கோல்கீப்பர் முன்னேறி வந்து மறிப்பார், 8 நொடிக்குள் முடிக்க வேண்டும். அணிக்கு ஐந்து வாய்ப்பு. அதிலும் சமன் என்றால் ஒவ்வொன்றாகத் தொடரும். கோல்கீப்பர் வேண்டுமென்றே வீரரை விழவைத்தால் பெனால்டி ஸ்ட்ரோக், அது 6.40 மீட்டர் தூரத்திலிருந்து.

இங்கே கோல்கீப்பரின் கால்களைப் பாருங்கள். சீக்கிரமே தரையில் விழுந்து மறிப்பவர் தோற்பார், எழுந்து நின்றபடியே பின்வாங்கி வீரரை ஓரத்துக்குத் தள்ளுபவர் நொடிகளைத் தின்றுவிடுவார். 2025 கால் இறுதியில் இந்தியா பெல்ஜியத்தோடு 2-2 என்று சமன் செய்து ஷூட் அவுட்டில் 4-3 என்று தப்பியது. கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் அன்று நின்ற நிற்பை மறக்க முடியாது. இறுதிப் போட்டியும் இப்படித்தான் முடிந்தது: ஜெர்மனி, ஸ்பெயின் 1-1, ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3-2.

படி 9: மைதானத்துக்குப் போகிறீர்களா?

வாய்ப்புக் கிடைத்தால் போய்விடுங்கள். பந்து மட்டையில் படும் அந்தச் சத்தமும், கோல்கீப்பர் ஓயாமல் தன் ஆட்களுக்குக் கத்திக்கொண்டே இருப்பதும் திரையில் கிடைக்காது. கோலுக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள், வேகம் தெரியும், வடிவம் தெரியாது. பக்கவாட்டில், 23 மீட்டர் கோட்டுக்கு நேராக, கொஞ்சம் உயரமான வரிசை சிறந்தது. ஒரு பக்கத்து வட்டம் கண்முன்னே இருக்கும், நடுக்களமும் தெரியும். பகுதி மாறும்போது நீங்களும் இடம் மாறி உட்காரலாம், கூட்டம் இல்லாத ஆட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அரை மணி நேரம் முன்னதாகவே போய்ப் பயிற்சியைப் பாருங்கள். எந்த வீரர்கள் டிராக் ஃபிளிக் பழகுகிறார்கள், எந்தப் பக்கம் அதிகம் எறிகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆட்டத்தில் அவர்கள் கார்னருக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லலாம்.

ஒரே நாளில் நான்கு ஆட்டம் நடக்கும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், மூன்றாவதில் கவனம் சிதறிவிடும். உங்கள் அணியின் ஆட்டம் ஒன்று, அதோடு அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டம் ஒன்று. புதியவர்களுக்கு இந்த ஜோடி போதும்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் சம்மேளனத்தின் வாட்ச் ஹாக்கி தளத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நேரலை எந்த நாட்டில் எதில் வரும் என்பது உரிமத்தைப் பொறுத்து மாறும். தொடர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் முதல் ஆட்டத்தன்று தேடி அலைய வேண்டாம்.

படி 10: தொடர் முடிந்த பிறகு

உங்களைக் கவர்ந்த ஐந்து பேரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டு வீரர்களோடு நிறுத்தாதீர்கள், எதிரணியில் இரண்டு பேராவது இருக்கட்டும். அடுத்த உலகக் கோப்பை வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மலேசியாவின் ஜோகூர் பாருவில் சுல்தான் ஆஃப் ஜோகூர் கோப்பை வழக்கமாக அக்டோபரில் நடக்கும். அதுவும் 21 வயதுக்கு உட்பட்டோருக்குத்தான், ஆறு அணி, எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதி முதல் இரண்டு அணிகள் இறுதிக்குப் போகும். குறுகிய தொடர் என்பதால் பின்தொடர எளிது. 2011-ல் தொடங்கிய இந்தக் கோப்பையை இந்தியா 2013, 2014, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஆசிய அணிகளைப் பார்க்க ஜூனியர் ஆசியக் கோப்பை இருக்கிறது. உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வழியும் அதுதான். 2024-ல் மஸ்கட்டில் நடந்த இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 5-3 என்று இந்தியா வென்றபோது அரைஜீத் சிங் ஹுண்டால் மட்டும் நான்கு கோல் அடித்தார்.

சீனியர் தேசிய அணிகள் மோதும் தொடரான புரோ லீக் சீசனுக்கு அணிகள் அறிவிக்கப்படும்போது உங்கள் ஐந்து பெயரையும் அந்தப் பட்டியல்களில் தேடுங்கள். முதல் ஆண்டில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், முன்கள வீரர்கள் சீக்கிரம் மேலே போவார்கள். கோல்கீப்பரைக் குறித்து வைத்திருந்தால் பல ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் அணிக்கு ஒருவர்தான், இருப்பவர் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்.